ஆஸ்துமா உள்ள குழந்தைக்குக் கொரோனா வந்தால்

2020 மார்ச் மாதத்தில், ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு இருந்த அச்சம் ஓர் எளிய கணக்கிலிருந்து பிறந்தது. புதிய வைரஸ் நுரையீரலைத் தாக்குகிறது. தங்கள் குழந்தைக்கோ சாதாரணச் சளி பிடித்தாலே இரவு முழுவதும் மூச்சு இளைக்கிறது. அப்படியானால் இந்த வைரஸ் வந்தால் என்ன ஆகும்? மருத்துவ உலகமும் அப்போது இதே கணக்கைத்தான் போட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், மிதமான ஆஸ்துமா உள்ளவர்களையும் கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களையும் தீவிர பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களின் பட்டியலில் தொடக்கத்திலேயே சேர்த்தது. அடுத்த சில மாதங்களில் மருத்துவமனைகளிலிருந்து வந்த தரவுகள் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. இன்னும் சிறிது காலம் கழித்து, பெரிய மக்கள்தொகையை வைத்துச் செய்த ஆய்வுகள் வந்தபோது, அச்சம் முழுவதும் பொய்யும் அல்ல, முழுவதும் மெய்யும் அல்ல என்று தெரிந்தது. ஆஸ்துமா என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் குழந்தைகள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்பதை அந்த ஆய்வுகள் காட்டின.

முதலில் ஆஸ்துமாவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி இருக்கிறது. வெளியே அறிகுறி எதுவும் தெரியாத நாட்களிலும் அந்த அழற்சி கனன்றுகொண்டேதான் இருக்கும். புகை, தூசி, மகரந்தம், குளிர்காற்று, வைரஸ் என்று ஏதாவது ஒன்று தூண்டும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி சுரந்து மிச்சமிருக்கும் இடத்தையும் அடைக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது ஏன் விரைவில் ஆபத்தாகிறது என்பதற்கு இயற்பியலில் விடை இருக்கிறது. சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் அதன் வழியே காற்று செல்வதற்கு உள்ள தடை இருமடங்காக அல்ல, 16 மடங்காக உயரும். ஏற்கெனவே குறுகலாக இருக்கும் சிறு குழந்தையின் மூச்சுக்குழாயில் ஒரு மில்லிமீட்டர் வீக்கம்கூடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். காலையில் லேசாகச் சளி பிடித்திருந்த குழந்தை மாலைக்குள் மூச்சுக்குத் தவிப்பதற்கு இதுவே காரணம்.

குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் வைரஸ்களுக்கும் உள்ள உறவு நன்கு அறியப்பட்ட ஒன்று. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பகுதியில் 9 முதல் 11 வயது வரையிலான 108 பள்ளிக் குழந்தைகளை 13 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 1995இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இளைப்பு கூடிய நேரங்களில் 80 முதல் 85 சதவீதம் வரை ஏதோ ஒரு வைரஸ் இருந்ததைக் கண்டறிந்தது. அவற்றில் முதலிடம் சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் வகையினுடையது. அந்தப் பட்டியலில் கொரோனா வைரஸ்களும் இருந்தன. கொரோனா என்ற பெயரைப் பலர் 2020இல்தான் முதன்முதலாகக் கேட்டார்கள் என்றாலும், 229இ, ஓசி43, என்எல்63, எச்கேயூ1 என்ற நான்கு கொரோனா வைரஸ்கள் மனிதர்களுக்குச் சளியைக் கொடுத்தபடி நெடுங்காலமாகச் சுற்றிவருகின்றன. ஆகவே அதே குடும்பத்தைச் சேர்ந்த, அவற்றைவிட வீரியமான ஒரு வைரஸ் வந்தபோது ஆஸ்துமா உள்ள குழந்தைகள் முதலில் வீழ்வார்கள் என்று மருத்துவர்கள் எதிர்பார்த்ததில் வியப்பு இல்லை.

வூகானிலிருந்து வந்த முதல் செய்தியே அந்த எதிர்பார்ப்பை அசைத்தது. அங்கே மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 140 நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வில், தனக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கடும் நெருக்கடியில் நிரப்பப்பட்ட படிவங்களில் பழைய நோய்கள் விடுபட்டுப் போவது இயல்பு என்பதால், இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் வேறு பல இடங்களிலும் எதிர்பார்த்த அளவுக்கு ஆஸ்துமா நோயாளிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரவில்லை. குழந்தைகள் பிரிவில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஏன் என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது.

விடையின் ஒரு பகுதி, வைரஸ் உள்ளே நுழையும் வாசலில் இருக்கிறது. கொரோனா வைரஸ் தன் முள் போன்ற புரதத்தைக் கொண்டு நம் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏசிஇ2 என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது; பிறகு டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி அந்த முள்ளை வெட்டிக் கொடுக்க, வைரஸ் உள்ளே நுழைகிறது. மூக்கின் உட்புறச் செல்களில் ஏசிஇ2 மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று 4 முதல் 60 வயது வரையிலான 305 பேரிடம் அளந்தபோது, 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம்தான் அது மிகக் குறைவாக இருந்தது. ஒவ்வாமையோடு கூடிய ஆஸ்துமா உள்ளவர்களிடம் ஏசிஇ2 மேலும் குறைவு என்பதை வேறொரு ஆய்வு கண்டது. ஒவ்வாமை அழற்சியை இயக்கும் இன்டர்லூக்கின்-13 என்ற வேதித்தூதுவர் ஏசிஇ2 அளவைத் தணிப்பது ஆய்வகத்தில் உறுதியாயிற்று. ஆனால் அதே வேதித்தூதுவர், வைரஸுக்கு உதவும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதியைக் கூட்டவும் செய்கிறது. வாசல்கள் குறைகின்றன, இருக்கும் வாசல்களின் பூட்டு எளிதாகத் திறக்கிறது என்ற இந்த நிலையில், ஒவ்வாமை ஒரு கவசம் என்று பெற்றோருக்குச் சொல்வது சரியாக இருக்காது என்பது என் கருத்து. ஆய்வகத்தில் கண்ட ஒன்றைச் சிகிச்சை ஆலோசனையாக மாற்றுவதற்கு முன்னால் நாம் கடக்க வேண்டிய தூரம் அதிகம்.

இன்னொரு பகுதி குழந்தைகளின் நோய் எதிர்ப்பில் இருக்கிறது. பெர்லினில் நடந்த ஓர் ஆய்வு, குழந்தைகளின் மூக்குச் செல்கள் வைரஸ் வருவதற்கு முன்பே விழிப்பு நிலையில் இருப்பதைக் காட்டியது. வைரஸின் மரபுப்பொருளை அடையாளம் காணும் உணரிகள் அந்தச் செல்களில் முன்கூட்டியே தயாராக இருப்பதால், தொற்று ஏற்பட்டதும், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் எதிர்ப்பு உடனே தொடங்கிவிடுகிறது. பெரியவர்களிடம் இந்தத் தொடக்கம் தாமதமாகிறது. இங்கே ஆஸ்துமா குறுக்கே வருகிறது. ரைனோவைரஸை வைத்துச் செய்த முந்தைய சோதனைகளில், ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்கள் இன்டர்ஃபெரானைக் குறைவாகவே சுரந்தன. அழற்சி அடங்கியிருக்கும் குழந்தைக்கும் அழற்சி ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும் குழந்தைக்கும் எதிர்ப்பாற்றலில் ஏன் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

ஊரடங்கு மாதங்கள், யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாத ஒரு பரிசோதனையைப் போல அமைந்தன. பள்ளிகள் மூடப்பட்டன, முகக்கவசம் வந்தது, குழந்தைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். ஆஸ்துமா முற்றிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை பல நாடுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. மருத்துவமனைக்குப் போகப் பயந்து வீட்டிலேயே சமாளித்தவர்கள் இதில் ஒரு பங்கு இருப்பார்கள். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், தாமதமாக மிக மோசமான நிலையில் வரும் குழந்தைகள் கூடியிருக்க வேண்டும். அப்படிப் பரவலாக நடக்கவில்லை. பிலடெல்ஃபியாவில் குழந்தைகள் மருத்துவமனையின் பதிவுகளோடு காற்று மாசின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அங்கே மாசில் ஏற்பட்ட மாற்றத்தால் இவ்வளவு பெரிய சரிவை விளக்க முடியாது என்றும், ரைனோவைரஸ் தொற்று வெகுவாகக் குறைந்திருந்தது என்றும் கண்டார்கள். பள்ளி திறக்கும் பருவத்தில் ஆண்டுதோறும் இளைப்பு கூடுவதை அறிந்த குழந்தை மருத்துவர்களுக்கு இது பழைய பாடத்தின் புதிய சான்றாக அமைந்தது. பெற்றோர் வீட்டிலேயே இருந்ததால் தினசரி இன்ஹேலர் தவறாமல் எடுக்கப்பட்டதும் ஒரு காரணம் என்று பல மருத்துவர்கள் கருதினார்கள்.

இத்தனைக்கும் பிறகு வந்த ஸ்காட்லாந்து ஆய்வுதான், என் பார்வையில், இந்தப் பொருளில் மிகத் தெளிவான வெளிச்சத்தைத் தருகிறது. அந்த நாட்டில் 5 முதல் 17 வயது வரையிலான குழந்தைகள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும், அதாவது 7,52,867 பேரின் பதிவுகளையும், 2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 63,463 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்களில் 4,339 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 67 பேர். ஆஸ்துமா இல்லாதவர்களில் 40,231 பேருக்குத் தொற்று உறுதியாகி, 382 பேர் சேர்க்கப்பட்டார்கள். தொற்று கண்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 1.5 சதவீதமும் இல்லாதவர்களில் 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்களும் மருத்துவமனையை நாட வேண்டியிருந்தது. வேறுபாடு உண்மையானது. ஆனால் ஆஸ்துமா உள்ள நூறு குழந்தைகளுக்குத் தொற்று வந்தால் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் வீட்டிலேயே குணமடைந்திருக்கிறார்கள் என்பதும் அதே கணக்கிலிருந்து தெரிகிறது.

இந்தச் சராசரிக்குள் இறங்கிப் பார்த்தபோதுதான் முக்கியமான செய்தி வெளிப்பட்டது. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆஸ்துமா காரணமாக ஒருமுறையாவது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு, ஆஸ்துமா இல்லாத குழந்தையைவிடக் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்கு. வாய்வழி ஸ்டீராய்டு மருந்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை எடுக்க நேர்ந்த குழந்தைகளுக்கு அது மூன்று மடங்குக்கு மேல். அவ்வாறு நேராத குழந்தைகளிடம் ஆபத்தின் ஏற்றம் சிறிதாகவே இருந்தது. தடுப்பூசியை எந்தக் குழந்தைகளுக்கு முதலில் கொடுப்பது என்ற விவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாத குழந்தைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற வாதத்துக்கு இந்த எண்கள் ஆதாரமாயின. பெரியவர்களிடமும் இதே போக்குதான்: இங்கிலாந்தில் கோடிக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்த பெரும் ஆய்வில், அண்மையில் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்ட ஆஸ்துமா நோயாளிகளிடம் இறப்பின் ஆபத்து கூடுதலாக இருந்தது.

ஆகவே, "என் குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கிறது, கொரோனா வந்தால் ஆபத்தா?" என்ற கேள்விக்கு நேரடியாக ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. கடந்த ஓராண்டில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ கொடுக்க நேர்ந்தது? எப்போதாவது இளைப்பால் மருத்துவமனையில் தங்க வைத்தீர்களா? கடந்த நான்கு வாரங்களில் இரவில் இருமலாலோ இளைப்பாலோ குழந்தை விழித்தெழுந்ததா? வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நிவாரண இன்ஹேலர் தேவைப்பட்டதா? ஓடி விளையாடுவதைக் குறைத்துக்கொண்டதா? உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினா, ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் கட்டுப்பாட்டை அளக்கக் கேட்கச் சொல்லும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதான். இவற்றில் கடைசிக் கேள்வியில் பெற்றோர் ஏமாந்துபோவது அதிகம். மூன்று ஆண்டுகளாக இளைத்துப் பழகிய குழந்தை மூச்சு வாங்குகிறது என்று சொல்லாது. பந்து விளையாட்டில் ஓடும் இடத்தை விட்டுவிட்டுக் காவல் நிற்கும் இடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும், மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனியும். வீட்டில் உள்ளவர்களுக்கு அது அந்தக் குழந்தையின் சுபாவமாகத் தோன்றும். அந்தக் குழந்தையின் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை.

கட்டுப்பாட்டின் மையத்தில் இருப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. தொற்றுக் காலத்தில் அதிகக் குழப்பமும் அதிகத் தீங்கும் விளைந்தது இதைச் சுற்றித்தான். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், ஆகவே வைரஸ் பரவும் காலத்தில் நிறுத்திவிடலாம் என்று எண்ணிப் பலர் இந்த மருந்து உள்ள தடுப்பு இன்ஹேலரை ஓரமாக வைத்தார்கள். பியூடெசோனைடு போன்ற மருந்தை இன்ஹேலர் வழியாக எடுக்கும்போது மைக்ரோகிராம் அளவே மூச்சுக்குழாய்க்குச் செல்கிறது. மாத்திரையாக எடுக்கும் பிரெட்னிசோலோன் மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் பரவுகிறது. இரண்டுக்கும் பெயரில் உறவு இருக்கிறது, அளவில் இல்லை. இன்ஹேலரை நிறுத்தினால் முதல் சில நாட்களில் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அழற்சி மெதுவாகத்தான் திரும்பி எழும். இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து ஏதோ ஒரு வைரஸ் வரும்போது, காப்பு இல்லாத மூச்சுக்குழாய் அதை எதிர்கொள்கிறது. பிறகு வேண்டியிருப்பது அதே ஸ்டீராய்டுதான், ஆனால் மாத்திரையாக, பல மடங்கு அதிக அளவில். தொற்றுக் காலம் முழுவதும் ஜினா ஒரே அறிவுரையைத்தான் மாறாமல் சொல்லிவந்தது: தினசரி தடுப்பு மருந்தை நிறுத்தாதீர்கள்.

இளைப்பு கடுமையானால் வாய்வழி ஸ்டீராய்டு கொடுப்பதற்கும் கொரோனா தடையில்லை. கொரோனாவுக்கான மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூன் மாதம் வெளியிட்ட முடிவில், ஆக்சிஜன் தேவைப்படாத கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலன் தரவில்லை என்ற ஒரு பகுதி இருந்தது. அதைக் கேள்விப்பட்டுச் சிலர், ஆஸ்துமா முற்றிய குழந்தைக்கும் ஸ்டீராய்டு கூடாது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த முடிவு கொரோனாவால் ஏற்படும் நுரையீரல் பாதிப்புக்கான சிகிச்சையைப் பற்றியது. ஆஸ்துமாத் தாக்குதல் வந்த குழந்தைக்குக் கொரோனா உறுதியாகியிருந்தாலும் ஆஸ்துமாவுக்கான சிகிச்சை ஆஸ்துமாவுக்கானதே.

2021 நவம்பரில் ஓமைக்ரான் என்ற புதிய திரிபு வந்தபோது படம் ஓரளவு மாறியது. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வகத்தில், மனித மூச்சுக்குழாய்த் திசுவில் ஓமைக்ரான் 24 மணி நேரத்தில் அதற்கு முந்தைய டெல்டா திரிபைவிட ஏறத்தாழ 70 மடங்கு பெருகியது. நுரையீரல் திசுவிலோ முதல் வைரஸைவிட மெதுவாகத்தான் பெருகியது. நிமோனியாவின் கண்ணோட்டத்தில் இது ஆறுதல். ஆனால் ஆஸ்துமா குடிகொண்டிருக்கும் இடம் மூச்சுக்குழாய்தான் என்பதால், ஓமைக்ரான் பிற சளி வைரஸ்களைப் போலவே இளைப்பைத் தூண்டுவது எதிர்பார்க்கத்தக்கதே. சிறு குழந்தைகளிடம் குரூப் எனப்படும் குரல்வளை வீக்கமும் அந்த அலையில் அதிகமாக வந்தது. இளைப்புக்கும் குரூப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் காதாலேயே பிரித்தறியலாம்: இளைப்பில் மூச்சை வெளியே விடும்போது மார்புக்குள்ளிருந்து விசில் போன்ற ஒலி வரும், குரூப்பில் நாய் குரைப்பதுபோல் இருமல் வந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலிருந்து கரகரப்பு எழும். குரூப்பின் வீக்கம் மேலே குரல்வளையில் இருப்பதால், இளைப்புக்கான நிவாரண இன்ஹேலர் அதைத் தணிக்காது. அதற்கான சிகிச்சை வேறு.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இருமல் தொடங்கினால் அது தொற்றா, ஆஸ்துமாவா என்று பிரிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை, இரண்டுமாகவும் இருக்கலாம். காய்ச்சல், உடல்வலி, தொண்டைவலி, வயிற்றுப்போக்கு, வீட்டில் வேறு ஒருவருக்கும் அதே அறிகுறி ஆகியவை இருந்தால் தொற்றை நினைக்க வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும். முடிவு வரும்வரை காத்திராமல், இளைப்பு இருந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கும் செயல்திட்டத்தின்படி நிவாரண மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். அப்படி ஒரு திட்டம் எழுத்தில் இல்லாத வீடுகள் ஏராளம். சளி தொடங்கினால் எந்த மருந்தை எத்தனை முறை, எந்த நிலையில் மாத்திரை, எந்த நிலையில் மருத்துவமனை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மருந்தை எப்படிக் கொடுப்பது என்பதிலும் கொரோனா ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. மருந்தைப் பனிபோல் மாற்றித் தரும் நெபுலைசர் கருவி, மருந்தோடு சேர்த்து வைரஸ் துகள்களையும் அறை முழுவதும் தூவக்கூடும் என்பதால், முடிந்தவரை அதைத் தவிர்த்து இன்ஹேலரையும் அதன் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற வெற்றுக்குடுவையையும் பயன்படுத்தும்படி மருத்துவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நெபுலைசர்தான் வலிமையான சிகிச்சை என்று நம்பியிருந்த பெற்றோருக்கு இது குறைந்த தரமாகத் தோன்றியது. லேசான, மிதமான இளைப்புக்கு ஸ்பேசர் அதே பலனைத் தருகிறது என்பது கொரோனாவுக்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. சரியாகப் பயன்படுத்தினால் மட்டுமே என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, சிறு குழந்தையாக இருந்தால் முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி இடைவெளியின்றி அழுத்திப் பிடித்து, ஒரே ஒரு முறை அழுத்தி, குழந்தை நிதானமாக ஐந்தாறு மூச்சு விடும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த அழுத்தத்துக்கு முன் மீண்டும் குலுக்க வேண்டும். அவசரத்தில் நான்கு முறை தொடர்ந்து அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அழும் குழந்தைக்கு மருந்து நன்றாக உள்ளே போகும் என்பதும் தவறு. அழுகையின் வேகமான இழுப்பில் மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் துணியால் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். துடைத்தால் உண்டாகும் நிலைமின்னேற்றம் மருந்துத் துகள்களைச் சுவர் பக்கம் இழுக்கும். தொற்று இருக்கும் வீட்டில் ஒரு ஸ்பேசரை இரு குழந்தைகள் பகிர்ந்துகொள்வது அறவே கூடாது.

பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அது உதவும், ஆனால் அதன் எண் ஒன்றையே நம்பக் கூடாது. சிறு விரலில் அது சரியாகப் பொருந்தாது, குளிர்ந்த விரலில் தவறாகக் காட்டும், கருமையான தோலில் உண்மையைவிட அதிகமான அளவைக் காட்டக்கூடும் என்பது 2020இல் வெளியான ஆய்விலிருந்து கவனம் பெற்றது. எண் 92க்குக் கீழே இறங்கினால் நிலைமை கடுமையானது என்பதில் ஐயமில்லை. எண் 96 என்று காட்டினாலும் குழந்தை தவித்தால் நம்ப வேண்டியது குழந்தையைத்தான். சட்டையைக் கழற்றிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்தெலும்புக்கு மேலும் தோல் உள்வாங்குகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா, கைக்குழந்தையாக இருந்தால் பால் குடிக்க முடியாமல் விலகுகிறதா என்று கவனியுங்கள். நிவாரண மருந்தின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்கவில்லை என்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை அசதியில் தொய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இளைத்துக்கொண்டிருந்த மார்பில் விசில் ஒலி திடீரென நின்றும் தவிப்பு தொடர்ந்தால் அது குணமாவதன் அறிகுறி அல்ல. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று நகரவில்லை என்று பொருள். அவசர ஊர்தியை அழைக்க வேண்டிய நேரம் அது.

தொற்று தணிந்த பிறகு எழும் கேள்விகளும் உண்டு. கொரோனா வந்து போனதால் குழந்தைக்குப் புதிதாக ஆஸ்துமா வருமா என்பது அவற்றில் ஒன்று. பிலடெல்ஃபியாவில் 1 முதல் 16 வயது வரையிலான 27,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வு, பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களுக்கும் தொற்று இல்லாதவர்களுக்கும் அடுத்த 18 மாதங்களில் ஆஸ்துமா கண்டறியப்படுவதில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. சிறு வயதில் ரைனோவைரஸாலும் ஆர்.எஸ்.வி. வைரஸாலும் கடுமையாக இளைத்த குழந்தைகளிடம் பிற்காலத்தில் ஆஸ்துமா அதிகமாகக் காணப்படுகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது நல்ல செய்தி. ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா தொற்றுக்குப் பின் சில மாதங்கள் மோசமாகுமா என்பது வேறு கேள்வி. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் தொற்று உறுதியான ஆஸ்துமாக் குழந்தைகளை அடுத்த ஆறு மாதங்கள் கவனித்தபோது, தொற்று இல்லாதவர்களைவிட அவர்களுக்கு மருத்துவமனை வருகையும் நிவாரண மருந்தின் தேவையும் கூடுதலாக இருந்தன. தொற்றுக்குப் பின் மூச்சு வாங்குவதாகக் குழந்தை சொன்னால் அதைக் கொரோனாவின் பின்விளைவு என்று எழுதி ஒதுக்குவதற்கு முன், தொற்று நீங்கிய நிலையில், வெளிவிடும் மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை எடுத்துப் பார்க்க வேண்டும். நிவாரண மருந்துக்குப் பிறகு அளவு தெளிவாக உயர்ந்தால் அது ஆஸ்துமா, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உயராவிட்டால் உடல் வலுக்குறைவு, மூச்சுவிடும் முறையில் ஏற்பட்ட மாறுபாடு, பதற்றம் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

தொற்று கண்ட இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் விடாத காய்ச்சலோடு வயிற்றுவலி, தோல் தடிப்பு, சிவந்த கண் ஆகியவை வந்தால், குழந்தைகளைத் தாக்கும் பல்லுறுப்பு அழற்சியாக இருக்கலாம். 2020 ஏப்ரலில் முதலில் எச்சரிக்கப்பட்ட இந்த அரிய நிலை ஆஸ்துமா இல்லாத குழந்தைகளுக்கும் வருகிறது. ஆஸ்துமா மருந்தால் வருவது அல்ல.

தடுப்பூசிக்கு ஆஸ்துமா தடையில்லை. அதே தடுப்பூசியின் முந்தைய தவணைக்கோ அதன் கூறுகளுக்கோ கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால்தான் தடை. முகக்கவசம் ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. தொற்றுக் காலத்தில் பழகிவிட்ட சில தூய்மை முறைகளில் மட்டும் கவனம் வேண்டும்: பிளீச்சிங் கரைசலின் நெடி, தெளிப்பான் வழியே பறக்கும் கிருமிநாசினித் துளிகள் ஆகியவை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டித் தாமாகவே இளைப்பைக் கொண்டுவரும். குழந்தை வேறு அறையில் இருக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்து, தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைப்பது பாதுகாப்பானது. வீட்டுக்குள் புகைபிடிப்பவர் இருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது.

காய்ச்சல் விட்டு, இருமல் அடங்கி, குழந்தை மீண்டும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது அவசியம். தொற்று நாட்களில் கூட்டிய மருந்தைக் குறைப்பதா, தொடர்வதா என்று அங்கே முடிவு செய்யப்படும். போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துச் சென்று, வழக்கமாகச் செய்வதைக் குழந்தையே மருத்துவர் முன்னால் செய்து காட்டட்டும். பல தடுப்பு இன்ஹேலர்களில் மீதமுள்ள தவணைகளைக் காட்டும் எண் இருக்கும். வாங்கிய தேதியிலிருந்து அந்த எண் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று புறப்படுவதற்கு முன் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதுவாக இருக்கலாம்.